ஒரு வரியில் ஒரு தரவுத்தளம்

நுழையும்முன்

நூலகப் பதிவேட்டின் ஒரு தாள் கிழிந்துபோனால் அதை ஒட்டிவைக்கலாம். கணினியில் சேமித்த தமிழ்ப் பெயர்கள் யாவும் வினாக்குறிகளாக மாறிவிட்டால், அவ்வினாக்குறிகளிலிருந்து பெயர்களை மீட்க வழியில்லை. தரவுத்தளத்தை உருவாக்கும் முதல் வரியிலேயே இந்த இழப்பைத் தவிர்க்க முடியும். அவ்வரியையும் அதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

பதிவேடும் அதன் சிக்கலும்

பள்ளி நூலகத்தில் நூல் வழங்கும் பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் மாணவர் பெயர், வகுப்பு, நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பெற்ற நாள் ஆகியன இடம்பெறும். ஒரே நூல் நாற்பது முறை வழங்கப்பட்டால் அதன் ஆசிரியர் பெயரும் நாற்பது முறை எழுதப்படும். எழுதுவோர் மாறும்போது எழுதும் முறையும் மாறும். 'உ.வே. சாமிநாதையர்' என ஒருவரும், 'உ.வே.சா.' என மற்றொருவரும், 'சாமிநாத ஐயர்' என வேறொருவரும் எழுதுவர். படிப்பவருக்கு இம்மூன்றும் ஒருவரையே குறிக்கும். கணினிக்கோ இவை மூன்று வெவ்வேறு பெயர்கள். அவருடைய நூல்கள் எத்தனை முறை வழங்கப்பட்டன என்று வினவினால் தவறான விடையே கிடைக்கும்.

இச்சிக்கலுக்குத் தீர்வாக அமைந்ததே உறவுநிலைத் தரவுத்தளம். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இக்கருத்தை முன்வைத்தார். செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்து வைக்க வேண்டும். ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுத வேண்டும். தேவைப்படும் பிற இடங்களில் அதற்குரிய எண்ணைச் சுட்டினால் போதும். இதுவே அதன் சாரம். இப்பணிக்காக அவருக்கு 1981இல் டியூரிங் விருது வழங்கப்பட்டது. அட்டவணைகளிடம் வினா எழுப்புவதற்கான மொழியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அறிமுகப்படுத்தினர். இன்று எஸ்கியூஎல் எனப்படும் வினவல் மொழி அதன் வளர்ச்சியே ஆகும்.

கட்டளை வரி

தரவுத்தளத்தை நிருவகிக்கும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் 1995இல் தோன்றிய மைஎஸ்கியூஎல் உலகெங்கும் பயன்படுகிறது. சாளரங்களில் சுட்டியைச் சொடுக்கியும் இதனை இயக்கலாம். கட்டளை வரியில் எழுத்துகளை உள்ளிட்டும் இயக்கலாம். பின்னதற்குச் சில நன்மைகள் உண்டு. சேவையகக் கணினிகள் பலவற்றில் வரைகலைச் சாளரங்களே இருப்பதில்லை. மேலும், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், என்ன செய்யப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகும். அதே பணியை வேறொரு கணினியில் மீண்டும் செய்யவும் அது உதவும்.

இப்பாடத்தில் கட்டளைச் சொற்கள் தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் உள்ளிட வேண்டும். முதலில் சேவையகத்தினுள் நுழைய வேண்டும்.

மைஎஸ்கியூஎல் -யூ ரூட் -பி

இதில் 'யூ' என்பது பயனரையும் 'பி' என்பது கடவுச்சொல்லையும் குறிக்கும். கடவுச்சொல்லை இவ்வரியிலேயே எழுதிவிடக் கூடாது. எழுதினால் அது கட்டளைகளின் வரலாற்றில் பதிந்துவிடக்கூடும். சேவையகம் கேட்ட பின்னரே அதனை உள்ளிட வேண்டும்.

தரவுத்தளத்தை உருவாக்குதல்

உள்ளே நுழைந்ததும் எழுத வேண்டிய வரி இது:

கிரியேட் டேட்டாபேஸ் நூலகம் கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4;

முதல் இரு சொற்கள் தரவுத்தளத்தை உருவாக்குமாறு பணிக்கின்றன. 'நூலகம்' என்பது அதன் பெயர். மைஎஸ்கியூஎல் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். எஞ்சிய பகுதி எழுத்துகளைச் சேமிக்கும் முறையைக் குறிக்கிறது. இறுதியிலுள்ள அரைப்புள்ளி கட்டளை முடிந்ததை உணர்த்தும். அதனை விட்டுவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. கட்டளை இன்னும் முடியவில்லை எனக் கருதி, கணினி அடுத்த வரிக்காகக் காத்திருக்கும். புதிதாகக் கற்போர் பலர் தயங்கி நிற்கும் இடம் இது. அரைப்புள்ளியை இட்டு உள்ளீட்டு விசையை அழுத்தினால் பணி நிறைவேறும். 'ஷோ டேட்டாபேசஸ்;' என்ற கட்டளை, இருக்கும் தரவுத்தளங்களைப் பட்டியலிடும். 'யூஸ் நூலகம்;' என்ற கட்டளை, புதிய தரவுத்தளத்தைப் பயன்பாட்டிற்குத் தேர்ந்தெடுக்கும்.

தமிழ் எழுத்துகளுக்கான இடம்

2018இல் வெளிவந்த 8.0 பதிப்பிற்கு முன்பு, மைஎஸ்கியூஎல்லின் இயல்பிருப்புக் குறியாக்கம் லத்தீன்1 என்பதாகும். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அக்குறியாக்கத்தில் தமிழுக்கு இடமில்லை. கண்டிப்பு முறை இயக்கப்படாத சேவையகத்தில், அத்தகைய தரவுத்தளத்தினுள் 'தமிழ்' என்னும் சொல்லைச் சேமித்தால் ஐந்து வினாக்குறிகளே பதிவாகும்.

கண்ணுக்கு மூன்று எழுத்துகளாகத் தெரியும் அச்சொல்லுக்கு ஐந்து வினாக்குறிகள் ஏன்? ஒருங்குறியில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக எழுதப்படுகிறது. யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பெறுவதால், அச்சொல் 15 பைட்டுகளைக் கொள்ளும். மைஎஸ்கியூஎல் இக்குறியீடுகளையே கணக்கிடுகிறது. எனவே, ஒரு புலத்திற்கு மூன்று எழுத்துகளுக்கான இடம் ஒதுக்கினால், அதில் 'தமிழ்' என்னும் சொல் அடங்காது. பெயர்களுக்கான இடத்தைச் சற்றுத் தாராளமாக ஒதுக்குதல் நன்று.

தெரிந்து தெளிவோம்

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய குறியாக்கம், ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டுகள் வரையே இடமளித்தது. முந்திரி முதலிய தமிழ்ப் பின்னங்களுக்கான குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு நான்கு பைட்டுகள் தேவை. 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக் குறியையும் சேமிக்க வல்லது யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கமே.

அட்டவணைகளும் திறவுகோல்களும்

உருவாக்கப்பட்ட தரவுத்தளம் இப்போது வெறுமையாக உள்ளது. நூலகத்திற்கு ஆசிரியர், நூல், மாணவர், வழங்கல் என்னும் நான்கு அட்டவணைகள் தேவைப்படும். ஆசிரியர் பெயர் முதல் அட்டவணையில் ஒருமுறை மட்டும் எழுதப்படும். நூல் அட்டவணையில் அவருடைய எண் மட்டுமே இடம்பெறும். மாணவர் அட்டவணையைப் பின்வருமாறு உருவாக்கலாம்:

கிரியேட் டேபிள் மாணவர் (
சேர்க்கை_எண் இன்ட் பிரைமரி கீ,
பெயர் வார்கேர்(60) நாட் நல்
);

ஒரே வகுப்பில் கயல்விழி என்னும் பெயருடையோர் இருவர் இருக்கலாம். ஆதலால் பெயரைக்கொண்டு ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண இயலாது. சேர்க்கை எண்ணோ ஒருவருக்கு ஒன்றே. அதனையே முதன்மைத் திறவுகோல் என்பர். ஒரே எண்ணை இருவருக்கு அளிக்க முயன்றால் தரவுத்தளம் மறுத்துவிடும்.

வழங்கல் அட்டவணையில் மாணவரின் சேர்க்கை எண், நூல் எண், பெற்ற நாள் ஆகியன இருக்கும். அங்குள்ள சேர்க்கை எண், மாணவர் அட்டவணையைச் சுட்டுவதாக அறிவிக்கப்படும். இது அயல் திறவுகோல் எனப்படும். இதனால் இரு பாதுகாப்புகள் கிட்டுகின்றன. இல்லாத மாணவர் ஒருவருக்கு நூல் வழங்கியதாகப் பதிய இயலாது. வழங்கல் பதிவு இருக்கும்வரை அம்மாணவரின் பெயரை நீக்கவும் இயலாது. நாளினை நாள் வகைப் புலத்தில் சேமிப்பதும் இன்றியமையாதது. அப்போதுதான் தவணை கடந்த நூல்கள் எவை என்பதைக் கணினியே கணக்கிட்டுச் சொல்லும்.

உரிமையும் பாதுகாப்பும்

'ரூட்' என்பது அனைத்து உரிமைகளும் பெற்ற பயனர். அப்பயனராக நுழைந்து 'டிராப் டேட்டாபேஸ் நூலகம்;' என எழுதினால், உறுதிதானா என்று கேளாமலேயே முழுத் தரவுத்தளமும் அழிக்கப்படும். ஆகவே, அன்றாடப் பணிக்கு அதனைப் பயன்படுத்துவது முறையன்று. நூலகருக்கெனத் தனிப் பயனரை உருவாக்கி, 'கிராண்ட்' என்னும் கட்டளையால் பார்த்தல், சேர்த்தல், திருத்தல் ஆகிய உரிமைகளை மட்டும் அளிக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்டம்ப் என்னும் கருவி, அட்டவணைகளையும் அவற்றிலுள்ள தரவுகளையும் கட்டளைகளாக மாற்றி ஒரு கோப்பில் எழுதித் தரும். அக்கோப்பினை வேறோரிடத்தில் காத்து வைத்தால், இழப்பு நேர்ந்தாலும் தரவுகளை மீட்கலாம்.

கணினி தன்னிடம் சொல்லப்பட்டதை மட்டுமே செய்யும். எச்செய்தியை எங்கு எழுதுவது, ஒருவரை எதனால் அடையாளம் காண்பது, எம்மொழிக்கு இடமளிப்பது, யாருக்கு எவ்வளவு உரிமை தருவது என்பவற்றை முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. இம்முடிவுகளைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னர்க் கட்டளை வரியைத் திறப்பவர், பிற்காலத் திருத்தங்கள் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியின் விளையாட்டுப் பொருள்களுக்கான தரவுத்தளத்தில் எந்தெந்த அட்டவணைகள் தேவைப்படும் எனக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

2. உங்கள் பெயர் ஒருங்குறியில் எத்தனை குறியீடுகளாக அமையும் எனக் கண்டறிந்து, அதற்குத் தேவையான பைட்டுகளைக் கணக்கிடுக.

3. கைப்பேசி எண்ணை முதன்மைத் திறவுகோலாகக் கொள்ளலாமா? காரணங்களுடன் வகுப்பறையில் உரையாடுக.