எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை: கத்திக்கு முன்னே வீடு தயாராக வேண்டும்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது வள்ளுவர், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்பவை அவை. முதல் மூன்றைப் பற்றி இன்று எங்கும் பேச்சு. நான்காவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உடல் பருமனைக் குறைக்கச் செய்யப்படும் 'பேரியாட்ரிக்' அறுவையிலோ அந்த நான்காமவரே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்கு முக்கியமானவர். காரணம் எளிது. அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சாப்பிடும் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் வீட்டில்தான் நடக்கிறது.

இது நமக்கு அந்நியமான சங்கதி அன்று. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். கர்நாடகத்தில் இது நூற்றுக்கு 30. பெங்களூரில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, நேரங்கெட்ட சாப்பாடு, போக்குவரத்து நெரிசலில் கரையும் மணிகள் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே இந்த அறுவை பற்றிய பேச்சு நம்மவர் வீடுகளிலும் எழுகிறது.

எது இந்த அறுவை, எது அன்று?

2022 மே மாதம் பெங்களூரில் ஓர் இளம் சின்னத்திரை நடிகை, கொழுப்பை அகற்றும் ஒப்பனைச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்த செய்தி பலரைக் கலங்க வைத்தது. பலரும் அதையும் பேரியாட்ரிக் அறுவையையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்கிறார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது 'லைப்போசக்‌ஷன்'. அது உருவத்தைத் திருத்துவது; பருமன் நோய்க்கு மருந்தாகாது.

பேரியாட்ரிக் அறுவை இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படுவது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் 1966-இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கிவைத்தார். இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் குழாய்போல் ஒரு பகுதியை மட்டும் விடுகிறார்கள். வெட்டியது வெட்டியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் நடப்பவை.

வயிறு சிறுத்துப்போவதால் மட்டும் எடை குறைவதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன்களும் மாறுகின்றன. அதனால்தான் பலருக்குச் சர்க்கரை நோயும் கட்டுக்குள் வருகிறது. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய நெடிய ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007-இல் காட்டியது. 'நாக்கைக் கட்டத் தெரியாதவன் கத்திக்குப் போயிட்டான்' என்று ஏளனம் பேசுவோர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். பருமன் ஒரு நோய். மன உறுதி இல்லாததன் அடையாளம் அன்று.

யாருக்கு ஏற்றது?

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. என்னும் எண். 160 சென்டிமீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 37.5. உலக அளவிலான அறுவை மருத்துவர் அமைப்புகள் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசிய இனத்தவருக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்கிறது. ஏனெனில் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுகின்றன.

ஆனால் மருத்துவர் சரி என்றாலும் இன்சூரன்ஸ் சரி என்று சொல்லாமல் போகலாம். ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி, பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவற்றில் ஒன்று இருக்க வேண்டும். கம்பெனி கொடுக்கும் குழுக் காப்பீட்டில் விதி வேறாக இருக்கும். எனவே தேதி குறிக்கும் முன் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்க.

ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. அவை தனக்குப் போதுமா, அறுவைதான் வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கைவேலைகள்

2024 ஏப்ரலில் சென்னையில் ஓர் இளைஞர் இவ்வகை அறுவையின்போது இறந்ததும், தமிழக அரசு விசாரணை நடத்தியதும் நினைவிருக்கலாம். நல்ல மையங்களில் ஆபத்து மிகக் குறைவு. பித்தப்பை அறுவையோடு ஒப்பிடத்தக்கது. ஆனால் மையம் நல்லதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை அறுவை செய்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே உண்டா? உணவு ஆலோசகரும் மனநல மருத்துவரும் குழுவில் இருக்கிறார்களா? ஐந்து வருடம் கழித்தும் பரிசோதனைக்கு வரச் சொல்வீர்களா?

முன்பரிசோதனைகளில் இரத்தம், தைராய்டு, இரும்பு, பி12, டி வைட்டமின், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் ஆகியவை இருக்கும். குறட்டை உள்ளவர்களுக்கு உறக்கச் சோதனையும் தேவைப்படும். புகைப்பவர்கள் பல வாரங்கள் முன்பே நிறுத்தியாக வேண்டும். அறுவைக்கு முன் இரண்டு வாரம் அளவுக்குக் குறைந்த கலோரி உணவு தருவார்கள். இது பட்டினி போடுவதற்காக அன்று. கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் அதன் பின்னால் உள்ள இரைப்பை மருத்துவர் கண்ணுக்குத் தெரியும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவு அறுவைக்குப் பின் வேகமாக மாறும். நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

ஊரில் என்றால் அத்தையும் சித்தியும் ஓடி வருவார்கள். இங்கே அப்படி இல்லை. மருத்துவமனையில் இரவு தங்குவது யார், குழந்தையைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது யார், விடுப்பு எத்தனை நாள் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். வீடு திரும்பியபின் காய்ச்சல், படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத்திணறல் இவற்றில் ஒன்று வந்தாலும், 'காலையில் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. உடனே போக வேண்டும்.

மனத்தைத் தயார் செய்தல்

சந்தோஷத்துக்கும் சாப்பாடு, துக்கத்துக்கும் சாப்பாடு என்று பழகியவர்கள் நாம். அலுவலகத்தில் கோபம் என்றால் வழியில் தர்ஷினியில் ஒரு மசால் தோசை. அறுவைக்குப் பின் அந்த ஆறுதல் இராது. கோபம் மட்டும் அப்படியே இருக்கும். அதற்கு வேறு வடிகாலை முன்பே தேடிக்கொள்ள வேண்டும். நடை, பாட்டு, தோட்டம், மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் என எதுவாகவும் இருக்கலாம். மது அந்த இடத்தில் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். அறுவைக்குப் பின், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, மது வெகு விரைவில் தலைக்கேறும்.

முதல் சில மாதங்களில் முடி கொட்டலாம். பெரும்பாலும் திரும்ப வளரும். தோல் தொங்கலாம். எடை ஒன்று, ஒன்றரை ஆண்டு வரை குறைந்து, பிறகு நிற்கும். சிறிது ஏறவும் செய்யும். இவற்றை முன்னரே அறிந்தவர் உடைந்துபோக மாட்டார். சிலருக்கு மனச்சோர்வு கடுமையாகும். அதை மறைக்கக் கூடாது. நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம்.

நான்காமவர் செய்ய வேண்டியது

முதல் நாட்களில் தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர். பிறகு மசித்த உணவு. சில வாரங்கள் கழித்தே வழக்கமான உணவு. அப்போதும் அளவு சின்னக் கிண்ணம்தான். புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்கு 60 கிராமாவது தேவை என்பர். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. ஓர் இட்லியில் 2 கிராம் அளவே. சைவர்கள் தயிர், பன்னீர், பருப்பு, சோயா, மருத்துவர் சொல்லும் புரதத்தூள் ஆகியவற்றால் ஈடுகட்டலாம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி இடைவெளி விடுவது நல்லது. வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தினால் இரத்த சோகையும், நாளடைவில் நரம்புத் தளர்ச்சியும் வரும்.

இனி மிகக் கடினமான பகுதி. ஊரிலிருந்து வரும் அம்மா, "அரை இட்லியோட எந்திரிக்கிறியே, இன்னும் ஒண்ணு வச்சுக்கடா" என்பார். கல்யாணப் பந்தியில் மாமா, "இலையை இப்படி விட்டா எப்படி?" என்பார். "ஏம்மா, முகமெல்லாம் வத்திப்போச்சே" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாம் அன்புதான். ஆனால் இந்த அன்பு ஒரு கவளம் கூடினால் வாந்தியாகிறது; நாள்தோறும் கூடினால் எடை திரும்புகிறது. அறுவைக்கு முன் ஒருநாள் வீட்டார் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கிவிட வேண்டும். முடிந்தால் உணவு ஆலோசகரிடம் சமைப்பவரையும் அழைத்துப் போகலாம். ஊராருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. பந்தி பரிமாறும் கைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்பது நீடிக்காது. எல்லாரும் சற்று எண்ணெய் குறைத்து, பருப்பும் காயும் கூட்டிச் சாப்பிடும் வீட்டில் நோயாளி தனிமைப்படுவதில்லை. பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு. இந்த மாற்றத்துக்கு வீடு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று தோன்றினால் அறுவையை மூன்று மாதம் தள்ளிவைப்பதில் தவறில்லை. அந்த மூன்று மாதத்தில் சமையலறையை மாற்றிப் பாருங்கள். அது பழகிவிட்ட வீட்டில், அறுவை முடிந்து வருபவருக்குச் சாப்பாட்டு வேளை ஒரு போராட்டமாக இராது.