மணிமேகலை (கதைமாந்தர்)

மணிமேகலை, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை என்னும் காப்பியத்தின் தலைவி ஆவாள். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இக்காப்பியம் 30 காதைகளைக் கொண்டது. கோவலனுக்கும் ஆடல்மகள் மாதவிக்கும் பிறந்த மணிமேகலை, தன் குலத்தொழிலையும் தன்னை விரும்பிய இளவரசனையும் மறுத்துப் பசிப்பிணி தீர்க்கும் அறத்தை மேற்கொள்வதும், இறுதியில் காஞ்சிபுரத்தில் பௌத்த நோன்பு ஏற்பதும் கதையின் சாரமாகும்.

வானில் பறத்தல், உருமாறுதல், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், தூணிலிருந்து பேசும் பாவை முதலிய இயற்கை இகந்த நிகழ்வுகள் இக்கதையில் நிறைந்துள்ளன. இதனால் சமயக் காப்பியத்தின் தலைவியாக மட்டுமன்றி, இக்கால இளையோர் கனவுருப்புனைவுகளில் வரும் வலிமை வாய்ந்த நாயகியருக்கு இணையாகவும் மணிமேகலையை வாசிக்க இயலும்.

பெயர்

கோவலனின் முன்னோர் ஒருவர் கடலில் மரக்கலம் உடைந்து தத்தளித்தபோது அவரைக் காத்தது மணிமேகலா தெய்வம். அந்நன்றியை நினைந்து கோவலன் தன் மகளுக்கு அத்தெய்வத்தின் பெயரை இட்டான். இக்கடல் தெய்வம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. பாளி மொழியிலுள்ள மகாசனக சாதகக் கதையிலும் இடம்பெறுகின்றது. தாய்லாந்து, கம்போடியா ஆகிய நாடுகளின் கதைகளில் மின்னலுக்கு உரிய தெய்வமாக அறியப்படுகின்றது.

கதைச் சுருக்கம்

கோவலன் மதுரையில் கொலையுண்ட பின் மாதவி ஆடல் தொழிலைக் கைவிட்டுப் பௌத்த அறத்தைச் சார்கிறாள். புகார் நகரில் இந்திர விழா தொடங்குகின்றது. மாதவியும் அவள் மகளும் ஆட வராததால் ஊரார் பழிக்கின்றனர். மாதவியின் தாய் சித்திராபதி சினம் கொள்கிறாள். மணிமேகலையைக் கண்ணகியின் மகளாகவே தான் கருதுவதாகவும், அவள் கணிகையர் வாழ்வில் புகமாட்டாள் எனவும் மாதவி விடை அனுப்புகிறாள்.

மலர் கொய்ய உவவனம் சென்ற மணிமேகலையைச் சோழ இளவரசன் உதயகுமரன் பின்தொடர்கிறான். அவள் பளிங்கு அறை ஒன்றினுள் புகுந்து தப்புகிறாள். அன்றிரவு மணிமேகலா தெய்வம், உறங்கும் அவளை எடுத்துச் சென்று மணிபல்லவம் என்னும் தீவில் விடுகிறது. இத்தீவு யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவாக இருக்கலாம் எனப் பலர் கருதுகின்றனர். தனியே கண்விழிக்கும் மணிமேகலை அங்குள்ள புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிகிறாள். வான்வழிச் செல்லுதல், வேற்றுரு எடுத்தல், பசியைத் தாங்குதல் ஆகிய மூன்று ஆற்றல்களைத் தரும் மந்திரங்களைத் தெய்வம் அவளுக்குக் கற்பிக்கிறது. கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி என்னும் பாத்திரம் அவள் கைக்கு வருகின்றது.

புகாருக்குத் திரும்பும் அவள், ஆதிரை இட்ட முதல் பிச்சையுடன் உணவளிக்கும் பணியைத் தொடங்குகிறாள். தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் நோயைத் தீர்க்கிறாள். உதயகுமரனிடமிருந்து விலகும் பொருட்டு அக்காயசண்டிகையின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறாள். அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். மணிமேகலையைத் தன் மனைவி என மயங்கிய காஞ்சனன் என்னும் விஞ்சையன் உதயகுமரனை வாளால் வீழ்த்துகிறான். அதன்பின் சிறைப்பட்டு மீளும் மணிமேகலை, சாவக நாடு, மணிபல்லவம், வஞ்சி ஆகிய இடங்களுக்குச் சென்று, முடிவில் பஞ்சத்தால் வாடும் காஞ்சியை அடைகிறாள்.

கனவுருப்புனைவுக் கூறுகள்

கனவுருப்புனைவு என்பது இயற்கை விதிகளுக்கு அப்பாற்பட்ட ஆற்றல்களும் உயிர்களும் கதையோட்டத்தின் அடிப்படையாக அமையும் புனைவு வகையாகும். இவ்வகையின் மரபான இளையோர் புதினங்கள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. இளம் வயதினர் ஒருவர் தாம் வளர்ந்த இடத்திலிருந்து பிரிக்கப்படுகிறார். தம் பிறப்பைப் பற்றிய மறைபொருளை அறிகிறார். ஓர் ஆற்றலையும் ஓர் அரிய பொருளையும் பெறுகிறார். அவற்றைப் பயன்படுத்தக் கற்று, சோதனைகளைக் கடந்து தமக்குரிய பணியை நிறைவேற்றுகிறார். மணிமேகலையின் கதை இவ்வொழுங்குடன் பெரிதும் பொருந்துகின்றது.

இத்தகைய கதைகளில் மாய ஆற்றலுக்கு ஒரு வரம்பு இருத்தல் இன்றியமையாதது. வரம்பற்ற ஆற்றல் உடையவருக்கு இடர் இல்லை; இடர் இல்லையேல் கதையும் இல்லை. மணிமேகலையின் மூன்று மந்திரங்களும் தற்காப்புக்கும் பயணத்துக்கும் உரியனவே. பிறரைத் தாக்கவோ அவர்தம் மனத்தை மாற்றவோ அவை உதவா. அமுதசுரபியும் கற்புடைய பெண் ஒருத்தி முதலில் இடும் உணவின்றித் தன் பணியைத் தொடங்குவதில்லை. எனவே அரசனையும் அரசியையும் மாற்றுவதற்கு மணிமேகலை தன் சொல்லையே நம்ப வேண்டியிருக்கின்றது.

சிறையில் நிகழும் சோதனைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். மகனை இழந்த அரசி இராசமாதேவி, மணிமேகலையை மருந்தூட்டிப் பித்தாக்க முயல்கிறாள். அவள் தெளிந்த அறிவுடனேயே இருக்கிறாள். இளைஞன் ஒருவனை ஏவி அவளுக்குத் தீங்கு செய்யப் பார்க்கிறாள். மணிமேகலை ஆண் வடிவம் கொள்ள, அவன் அஞ்சி ஓடுகிறான். உணவின்றி அறையில் அடைக்கிறாள். பசி தாங்கும் மந்திரம் அவளைக் காக்கிறது. இவை தோற்ற பின்னரே அரசி அஞ்சிப் பணிகிறாள். மணிமேகலை பழி வாங்குவதில்லை. அரசி அழுவது மகனின் உடலுக்கா, உயிருக்கா என வினவி அவள் துயரை ஆற்றுகிறாள்.

ஈர்ப்புக்கான காரணங்கள்

இளைய வாசகரைக் கவரத்தக்க கூறுகளாகப் பின்வருவனவற்றைக் கூறலாம்.

தேர்வுரிமை: மணிமேகலை எதிர்கொள்ளும் முதல் எதிரி அரக்கனோ மன்னனோ அல்ல. அவள் என்னவாக வேண்டும் என்பதை அவள் பிறக்கும் முன்பே முடிவு செய்துவிட்ட வழக்கமே ஆகும். பாட்டி ஒன்றை எதிர்பார்க்கிறாள், ஊர் ஒன்றை எதிர்பார்க்கிறது, இளவரசன் வேறொன்றை விரும்புகிறான். இளம் பருவத்தினர் பலர் தம் வீடுகளில் எதிர்கொள்ளும் இக்கேள்வியைக் கதை வெளிப்படையாகப் பேசுகின்றது.

உள்மனப் போராட்டம்: மணிமேகலை உணர்ச்சியற்றவளாகப் படைக்கப்படவில்லை. உதயகுமரன்பால் தன் நெஞ்சம் செல்வதை அவளே தோழி சுதமதியிடம் கூறுகிறாள். முற்பிறப்பில் அவன் தன் கணவனாக இருந்தமையே காரணம் எனப் பின்னர் அறிகிறாள். அவன் இறந்தபோது துடிக்கிறாள். விருப்பம் இருந்தும் மறுப்பதால் அவள் மறுப்பு எடை கொள்கிறது.

அறிவு வேட்கை: வஞ்சி நகரில் பல்வேறு சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்க அவள் விரும்புகிறாள். இளம்பெண் என்பதால் எவரும் அவளுக்கு மெய்ப்பொருள் உரைக்கமாட்டார்கள் எனக் கண்ணகித் தெய்வம் எச்சரிக்கிறது. ஆகவே அவள் ஆண் துறவியின் வடிவம் எடுத்துச் சென்று அனைவரிடமும் வினவுகிறாள். கல்வி மறுக்கப்படும் பெண்ணின் நிலையைக் காப்பியம் மறைக்காமல் பதிவு செய்துள்ளது.

பயனுள்ள ஆற்றல்: அவள் பெற்ற அரிய பொருள் வாள் அன்று, உணவுப் பாத்திரம். அதன் பயன் அவளுக்கு அன்றிப் பிறருக்கே செல்கின்றது.

மேலைநாட்டுப் புதினங்களுடன் ஒப்பீடு

பெண்களைத் தலைவியராகக் கொண்ட ஆங்கில இளையோர் கனவுருப்புனைவுகள் 1970கள், 1980களில் தனிப் போக்காக வளர்ந்தன. அவற்றுள் சில மணிமேகலையுடன் ஒப்பிடத்தக்கன.

உர்சுலா லெ குவினின் "அத்துவான் கல்லறைகள்" (1971) புதினத்தில் தெனார் என்னும் சிறுமி, இறந்த பூசாரிப் பெண்ணின் மறுபிறப்பு எனக் கூறப்பட்டுக் குடும்பத்திடமிருந்து பிரிக்கப்படுகிறாள். தெனாருக்கு முற்பிறப்பு ஒரு சிறை. அதிலிருந்து விடுபட்டுத் தன் பெயரை மீட்பதே கதை. மணிமேகலைக்கோ முற்பிறப்பு அறிவே விடுதலைக்கு வழியாகின்றது.

தமோரா பியர்சின் "அலன்னா" (1983) புதினத்தில் நாயகி வீரர் பயிற்சி பெறுவதற்காக ஆண் வேடம் பூணுகிறாள். மணிமேகலையும் ஆண் வடிவம் எடுக்கிறாள். ஆனால் அவள் நாடுவது போர்க்கலை அன்று, தருக்கம்.

1985ஆம் ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற ராபின் மெக்கின்லியின் "வீரனும் மணிமுடியும்" (1984) புதினத்தின் தலைவி ஏரின், தாயைப் பற்றிய அலரால் அரண்மனையில் ஐயத்துக்கு ஆளானவள். தாயின் பிறப்பை முன்வைத்து மகளை மதிப்பிடும் சமூகம் இரு கதைகளிலும் உள்ளது. ஏரின் பறவைநாகங்களைக் கொன்று தன்னை நிறுவுகிறாள். மணிமேகலை எவரையும் கொல்வதில்லை.

காஞ்சிபுரத்துடன் தொடர்பு

காப்பியத்தின் இறுதி மூன்று காதைகள் காஞ்சியை மையமாகக் கொண்டவை. வஞ்சியில் தன் பாட்டனும் கோவலனின் தந்தையுமான மாசாத்துவான் வாயிலாகக் காஞ்சியின் பஞ்சத்தை அறிந்த மணிமேகலை அங்கு வருகிறாள். அந்நகரை ஆண்ட இளங்கிள்ளி, மணிபல்லவத்தில் உள்ளவை போன்ற பொய்கையையும் பீடிகையையும் அமைக்கிறான். அங்கு அமுதசுரபியை வைத்து அவள் அனைவரையும் அழைக்கிறாள். பதினெட்டு மொழி பேசுவோரும், பார்வையற்றோரும், செவித்திறன் அற்றோரும், உடல் ஊனமுற்றோரும், ஆதரவற்றோரும் வந்து உண்கின்றனர். விலங்குகளும் விலக்கப்படவில்லை. இதன் பின்னரே அறவண அடிகளிடம் அவள் அறம் கேட்டு நோன்பு ஏற்கிறாள்.

இன்று பட்டு நெசவுக்கும் சைவ, வைணவக் கோயில்களுக்கும் பெயர் பெற்ற காஞ்சிபுரம், முற்காலத்தில் பௌத்தக் கல்வியின் நிலைக்களமாகவும் விளங்கியது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்கு ஏறத்தாழ 100 சங்காராமங்களும் 10,000 துறவியரும் இருந்ததாகக் குறித்துள்ளார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்து கிடைத்த புத்தர் சிலை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. நகரில் உள்ள அறப்பணஞ்சேரித் தெருவின் பெயர் அறவணஞ்சேரி என்பதன் திரிபு என மயிலை சீனி. வேங்கடசாமி கருதினார். இக்கருத்தின்படி கதையில் வரும் ஆசிரியரின் பெயர் நகரத் தெரு ஒன்றில் நிலைத்துள்ளது.

காஞ்சியின் மற்றொரு நாயகி: சிவகாமி

கல்கி 1940களில் எழுதிய "சிவகாமியின் சபதம்" தொடரும் காஞ்சியைக் களமாகக் கொண்டது. அதன் தலைவி சிவகாமியும் ஆடல்மகளே. சாளுக்கியரால் வாதாபிக்குக் கொண்டு செல்லப்படும் அவள், மாமல்லன் அந்நகரை எரித்துத் தன்னை மீட்கும்வரை அங்கிருந்து வெளியேறுவதில்லை எனச் சபதம் செய்கிறாள். சபதம் நிறைவேறுகின்றது, ஆனால் அதற்குள் மாமல்லன் வேறொருத்தியை மணந்துவிடுகிறான். சிவகாமி இறைவனுக்குத் தன் கலையை அர்ப்பணிக்கிறாள்.

இருவரின் உறுதியும் ஒத்ததே. எனினும் சிவகாமியின் சபதம் பிறர் ஒருவரின் வாளால் நிறைவேற வேண்டியது. மணிமேகலையின் பணி அவள் கையிலுள்ள பாத்திரத்தால் நிறைவேறுவது. இருவர்க்கும் முடிவு துறவே என்பதும் கருதத்தக்கது.

விமர்சனங்கள்

மணிமேகலையைத் தற்சார்புடைய நாயகியாகக் கொள்வதற்கு மாற்றுக் கருத்துகளை முன்வைக்க இடமுண்டு.

அவளைத் தீவுக்குக் கொண்டு செல்வது தெய்வம். அதில் அவளுடைய இசைவு கேட்கப்படவில்லை. அவள் செல்ல வேண்டிய வழியும் பலவிடத்து முன்னரே உரைக்கப்படுகின்றது. ஊழ் வகுத்த பாதையில் நடப்பவளுக்குத் தேர்வுரிமை எத்துணை உண்டு என வினவலாம். பாத்திரத்தைப் பெறுவது ஊழ் எனினும், அதனை ஏந்திச் சிறைக்கோட்டத்துக்குச் செல்வது அவளுடைய முடிவே என்பது இதற்கு விடையாகக் கூறத்தக்கது.

27, 29, 30ஆம் காதைகள் சமயக் கோட்பாடுகளையும் அளவையியலையும் விரித்துரைக்கின்றன. இவற்றில் கதையோட்டம் நின்றுவிடுகின்றது. நாயகி கேட்பவளாக மட்டுமே உள்ளாள். கதைக்காக வாசிக்கும் இளையோருக்கு இப்பகுதி கடினமானது. ஆயினும் ஆய்வாளருக்கு இவை முதன்மையானவை. 29ஆம் காதைக்கும் "நியாயப்பிரவேசம்" என்னும் பௌத்தத் தருக்க நூலுக்கும் உள்ள ஒற்றுமை, காப்பியத்தின் காலத்தைப் பற்றிய விவாதத்தில் முக்கிய சான்றாக எடுத்தாளப்படுகின்றது.

காதலையும் இல்வாழ்வையும் துறந்தால்தான் பெண் தன் வழியில் செல்ல முடியும் என்ற கருத்து கதையில் தொக்கி நிற்பதும் குறையாகக் கூறத்தக்கது. எனினும் இக்காப்பியத்திலேயே இல்லறத்தில் நிற்கும் ஆதிரை உயர்வாகப் போற்றப்படுகிறாள். அமுதசுரபி முதன்முதலில் நிறைவது அவள் கையால்தான்.

பதிப்புகளும் தழுவல்களும்

மணிமேகலைக் காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1898இல் உரையுடன் பதிப்பித்தார். கே. பி. சுந்தராம்பாள் நடித்த "மணிமேகலை" திரைப்படம் 1940இல் வெளியானது. அலென் தனியேலு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1989இல் வெளிவந்தது. மாயப் பாத்திரம் ஏந்திய ஆடல்மகள் எனப் பொருள்படும் துணைத் தலைப்பை அது கொண்டுள்ளது. சமயப் பெயர் ஏதும் இன்றி ஒரு மாயக்கதையின் பெயர் போலவே அமைந்துள்ள இத்தலைப்பு, காப்பியத்தின் கனவுருப்புனைவுத் தன்மையை முன்னிறுத்துகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

மணிமேகலை (காப்பியம்)
ஆபுத்திரன்
ஆதிரை
சிவகாமியின் சபதம்
கனவுருப்புனைவு
காஞ்சிபுரம்