ஹாட் யாய்க்குக் காரில் போகிறீர்களா? காப்புறுதியைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் புக்கிட் காயு ஹீத்தாமில் கார்கள் வரிசை பிடித்து நிற்கும். கடப்பிதழை மறக்காத நம்மவர்கள் காப்புறுதியை மறந்துவிடுகிறார்கள்.

நமது வாகனக் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே செல்லும். தாய்லாந்தையும் சேர்க்க வேண்டுமென்றால் புறப்படும் முன்பே காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டு, கூடுதல் பணம் கட்ட வேண்டும்.

"எல்லையில் கட்டாயக் காப்புறுதி எடுக்கிறோமே, அது போதாதா?" என்று பலர் கேட்பதுண்டு. போதாது. தாய்லாந்துச் சட்டப்படியான அந்தக் காப்புறுதி, விபத்தில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும்தான். தவறு உங்களுடையது என்றால், இடித்த கார், இடிபட்ட கார் இரண்டின் பழுதுச் செலவும் உங்கள் தலையில்தான்.

கார் அண்ணன் பெயரில் இருந்தாலும் அவருடைய அனுமதிக் கடிதம் தேவை. தாய்லாந்துச் சுங்கத்துறை தரும் தற்காலிக வாகன அனுமதித் தாளைப் பத்திரமாக வையுங்கள். திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும்.

மலேசிய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். இடப்பக்க ஓட்டம்தான் என்றாலும் வலது தடத்தில் பறக்காதீர்கள். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் உள்ள திறப்புகளில் திரும்புவதற்காக வண்டிகள் அதே தடத்தில் மெதுவாகும். சாலையோரத்தில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்களும் வரும். எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால், வழி விடுகிறார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் "நான் வருகிறேன், நில்" என்றே அதற்குப் பொருள்.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191, சுற்றுலாப் போலீஸ் 1155.