நெரிசல் நகரத்தில் டர்போ கார் தேவையா? சிறிய எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

புதுடெல்லி: அலுவலகத்துக்குச் சென்று திரும்பத்தான் கார். ஆனால் அதை ஓட்டுவதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் வேண்டும். முதல் காரை விற்றுவிட்டு இரண்டாவது காரைத் தேடும் பலரின் எதிர்பார்ப்பு இன்று இதுதான். ஷோரூமுக்குச் சென்றால், ஒரே மாடலில் சாதாரண பெட்ரோல் எஞ்சினும் டர்போ பெட்ரோல் எஞ்சினும் அருகருகே நிற்கின்றன. டர்போவுக்குச் சில பத்தாயிரம் ரூபாய் முதல் ஒரு லட்சத்துக்கு மேல் வரை கூடுதலாகக் கேட்கப்படுகிறது. அந்தப் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன?

இந்தக் கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக்கான போக்குவரத்துக் குறியீட்டின்படி, கொல்கத்தாவிலும் பெங்களூருவிலும் 10 கிலோமீட்டரைக் கடக்க சராசரியாக 34 நிமிடங்களுக்கு மேல் ஆகிறது; புனேயில் 33 நிமிடங்களுக்கு மேல். அதாவது சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர்தான். இந்த வேகத்தில் ஊர்ந்து செல்லும் காருக்கு 100 குதிரைத்திறன் எதற்கு என்று கேட்பது நியாயமே. விடை, காரை மட்டுமல்ல, அது தினமும் ஓடப்போகும் பாதையையும் பொறுத்தது.

டர்போ என்ன செய்கிறது?

எஞ்சினின் திறன், அதற்குள் எவ்வளவு எரிபொருளை எரிக்க முடியும் என்பதைப் பொறுத்தது. எரிபொருள் எரியக் காற்று தேவை. சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றை மட்டுமே பயன்படுத்துகிறது. டர்போ எஞ்சினில், வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சிறிய விசிறி சுழற்றப்படுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. முழு வேகத்தில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுழலும். அழுத்தத்தால் சூடாகும் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் பொருத்தப்படுகிறது. சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்த முறை, வீணாகும் புகையிலிருந்து வேலை வாங்கும் தந்திரம் எனலாம்.

இதன் பலனைப் புரிந்துகொள்ள நிசான் மேக்னைட் நல்ல எடுத்துக்காட்டு. அதன் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களும் 999 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்டவை. டர்போ இல்லாத எஞ்சின் 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. டர்போ எஞ்சின் மேனுவல் கியருடன் 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது.

அன்றாட ஓட்டத்தில் குதிரைத்திறனைவிட டார்க்தான் அதிகம் உணரப்படும். மாருதி சுசுகி ஃப்ரான்க்ஸ் காரில் உள்ள 1.2 லிட்டர் சாதாரண எஞ்சின் தன் உச்சமான 113 நியூட்டன் மீட்டரைத் தர, நிமிடத்துக்கு 4,400 சுழற்சியை எட்ட வேண்டும். அதே காரின் 1.0 லிட்டர் டர்போ, 2,000 சுழற்சியிலேயே 147.6 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. எஞ்சினை இரையவிடாமல், கியரைக் குறைக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினாலே கார் முன்னே பாய்வது இதனால்தான். சிறிய டர்போ கார் தரும் மகிழ்ச்சி உச்ச வேகத்தில் இல்லை. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் இருக்கிறது.

சட்டம் அளப்பது கொள்ளளவை மட்டுமே

இந்தியாவில் சிறிய டர்போ எஞ்சின்கள் பெருகியதற்கு வரி விதிப்பு முக்கியக் காரணம். நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் கலால் வரிச் சலுகை அறிவிக்கப்பட்டது. இன்றைய ஜிஎஸ்டி முறையிலும் இந்த எல்லைக்கோடு தொடர்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கான வரி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எல்லையைத் தாண்டும் கார்களுக்கு 40 சதவீதம்.

சட்டம் எஞ்சினின் கொள்ளளவை அளக்கிறது. அதற்குள் எவ்வளவு காற்று அழுத்திச் செலுத்தப்படுகிறது என்பதை அளப்பதில்லை. எனவே 1,200 சிசிக்குள் நின்றுகொண்டே, முன்பு 1,500 சிசி எஞ்சின் தந்த திறனைத் தர நிறுவனங்களுக்கு டர்போ வழிவகுத்தது.

காப்பீட்டிலும் இதே வேடிக்கையைக் காணலாம். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, புதிய காருக்கான மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் 1,000 சிசிக்கு மிகாத கார்களுக்கு ரூ.6,521, 1,000 முதல் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.10,640. ஆகவே, வேகமான 1.0 லிட்டர் டர்போ காருக்கான இந்தப் பிரீமியம், அதைவிட மெதுவான 1.2 லிட்டர் காரின் பிரீமியத்தைவிடக் குறைவாக இருந்தது.

டீசல் விட்டுச்சென்ற இடம்

இந்தியர்களுக்கு டர்போ புதிதல்ல. ஸ்விஃப்ட் உள்ளிட்ட பல கார்களில் ஓடிய, ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினும் டர்போ பொருத்தியதுதான். அதன் இழுவைக்குப் பழகியவர்கள் ஏராளம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, சிறிய டீசல் எஞ்சின்களைத் தரம் உயர்த்தும் செலவு கட்டுப்படியாகாமல் போனது. மாருதி சுசுகி டீசலையே கைவிட்டது. அந்த இடத்தை நிரப்பியது சிறிய டர்போ பெட்ரோல்.

ஆனால், ஓட்டும் இன்பத்தை மட்டுமே முன்னிறுத்திய சிறிய கார்கள் இங்கு நிலைக்கவில்லை. 2013-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஆர்வலர்களிடம் பெரும் பெயர் பெற்றது. போலோ 2022-ல் விடைபெற்றது. 2017-ல் வந்த பலேனோ ஆர்எஸ், 2018-ல் வந்த டாடா டியாகோ ஜேடிபி ஆகிய இரண்டும் 2020-ஐத் தாண்டவில்லை. "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்று முதலில் கேட்கும் சந்தையில், வேகத்துக்காகத் தனியே ஒரு கார் விற்பது கடினம் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. இன்று நிசான் மேக்னைட், ரெனோ கைகர், மாருதி ஃப்ரான்க்ஸ், ஸ்கோடா கைலாக் போன்ற குடும்பக் கார்களுக்குள்ளேயே டர்போ எஞ்சின் வழங்கப்படுகிறது. ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற சில மட்டுமே விளையாட்டுத் தன்மையை வெளிப்படையாகச் சொல்லி வந்தவை.

நெரிசலில் என்ன நடக்கும்?

விளம்பரங்கள் சொல்லாத பகுதி இது. டர்போவின் விசிறி சுழலப் போதிய புகை வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுழற்சிக்குக் கீழே இருக்கும்போது அந்த அழுத்தம் முழுமையாக உருவாவதில்லை. அடுத்தடுத்து நிற்கும் வாகனங்களுக்கு இடையே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து செல்லும்போது, எஞ்சின் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். அப்போது 1.0 லிட்டர் டர்போ, வெறும் 1.0 லிட்டர் எஞ்சினாகவே நடந்துகொள்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஒரு கணம் எதுவும் நடக்காமல், பிறகு திடீரென வேகம் எடுக்கும். 'டர்போ லேக்' எனப்படும் இந்தத் தாமதம், மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது எரிச்சலூட்டக்கூடும். இத்தகைய பாதையில் 1.2 லிட்டர் சாதாரண எஞ்சின், தாளில் பலவீனமாகத் தெரிந்தாலும், கையாள எளிது.

பாதை மாறினால் கதையும் மாறும். ஹைதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலை, டெல்லி - மீரட் விரைவுச்சாலை போன்றவற்றில் தினமும் செல்வோருக்கு, லாரியைக் கடக்கவும், இணைப்புச் சாலையிலிருந்து வேகமாகச் செல்லும் வாகனங்களுக்கு இடையே நுழையவும் டர்போவின் இழுவை உண்மையான பாதுகாப்பு. நான்கு பேருடன், ஏசி போட்டுக்கொண்டு மும்பை - புனே மலைப்பாதையில் ஏறும்போதும் வித்தியாசம் தெரியும்.

மலை நகரங்களில் இது இன்னும் தெளிவு. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவில் சாதாரண எஞ்சின் தன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். டர்போ, காற்றை அழுத்திச் செலுத்துவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டும்.

மகிழ்ச்சிக்கு மாத விலை எவ்வளவு?

டர்போவுக்காக ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் ரூ.2,076.

அடுத்தது எரிபொருள். நிறுவனங்கள் அறிவிக்கும் மைலேஜில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேனுவல் கியர் ஃப்ரான்க்ஸில் 1.2 லிட்டருக்கு 21.79 கிலோமீட்டர், டர்போவுக்கு 21.5 கிலோமீட்டர். ஆனால் டர்போவின் மைலேஜ் ஓட்டுபவரின் காலைப் பொறுத்து வெகுவாக மாறும். அழுத்தப்பட்ட காற்று அதிகம் வந்தால், அதற்கேற்ப பெட்ரோலும் அதிகம் செல்லும். நகரத்தில் சாதாரண எஞ்சின் லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், உற்சாகமாக ஓட்டப்படும் டர்போ 12 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், தினமும் 30 கிலோமீட்டர் வீதம் மாதம் 25 நாள் ஓட்டுபவருக்கு 12.5 லிட்டர் கூடுதலாகத் தேவைப்படும். லிட்டர் நூறு ரூபாய் எனில் ரூ.1,250.

இரண்டையும் சேர்த்தால் மாதம் சுமார் ரூ.3,300, வேலைநாள் ஒன்றுக்கு ரூ.130-க்கு மேல். தினமும் ஓட்டுவதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு இந்தத் தொகை தகுமா என்பதே உண்மையான கேள்வி. நிதானமாக ஓட்டினால் எரிபொருள் செலவு குறையும். ஆனால் டர்போ வாங்கியதன் நோக்கமும் அதனுடன் குறைந்துவிடும்.

கியர்பாக்ஸும் பராமரிப்பும்

நெரிசலில் எஞ்சினைவிடக் கியர்பாக்ஸின் தேர்வு முக்கியம். டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக், ஊர்ந்து செல்வதற்கு ஏற்றது. சிவிடி வழுக்கிக்கொண்டு செல்வதுபோல் மென்மையானது. ஆனால் விரைவாக ஓட்டுவோருக்குச் சுவை குறைவு. இரட்டை கிளட்ச் வகை திறந்த சாலையில் மிக வேகமாகக் கியர் மாற்றும். எனினும் உலர் கிளட்ச் கொண்டவை, நின்று நின்று செல்லும் நெரிசலில் சூடேறக்கூடியவை. மேனுவல் கியர் விலை குறைவு, இன்பம் அதிகம். இடது காலுக்கு வேலையும் அதிகம்.

டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. எனவே நிறுவனம் குறிப்பிட்ட தரத்திலான எஞ்சின் ஆயிலை, குறிப்பிட்ட கெடுவுக்குள் மாற்றுவது கட்டாயம். வேகமாக ஓட்டி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல், கடைசி ஓரிரு நிமிடங்களை மெதுவாக ஓட்டுவது நல்லது. பழைய டர்போ கார் வாங்குவோர், சர்வீஸ் பதிவேட்டைப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் கவனிக்க வேண்டியது. எத்தனாலுக்கு ஆக்டேன் அளவு அதிகம் என்பது டர்போவுக்குச் சாதகம். ஆனால் பெட்ரோலைவிட அதன் ஆற்றல் லிட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜ் சற்றுக் குறையும். 2023-க்கு முந்தைய காரை வாங்குவோர், இந்த எரிபொருளுக்கு அது ஏற்றதா என்பதை உரிமையாளர் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

எஞ்சின் கணினியில் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டித் தருவதாகச் சிலர் முன்வருவதுண்டு. இது வாரண்டியை இழக்கச் செய்யும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடை செய்கிறது.

முடிவெடுக்கும் முன்

● ஷோரூமைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது போதாது. வாய்ப்பிருந்தால், அலுவலகம் செல்லும் அதே பாதையில், அதே நேரத்தில், ஏசியுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

● ஒரே மாடலின் சாதாரண எஞ்சினையும் டர்போவையும் அடுத்தடுத்து ஓட்டினால்தான் வித்தியாசம் புரியும். வேகத்தடையைத் தாண்டி இரண்டாம் கியரில் கிளம்பும் விதத்தைக் கவனிக்க வேண்டும்.

● டர்போவுக்காக ஏர்பேக், மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு போன்ற பாதுகாப்பு வசதிகளை விட்டுக்கொடுக்கக் கூடாது. திறன் கூடும் காருக்கு அவை கூடுதலாகத் தேவை.

● எக்ஸ்ஷோரூம் விலையை அல்ல, சாலை வரியும் காப்பீடும் சேர்ந்த ஆன்ரோடு விலையை ஒப்பிட வேண்டும்.

தினசரிப் பயணத்தில் பாதியாவது சாலை திறந்து கிடக்கும் என்றால், சிறிய டர்போ கார் அந்தக் கூடுதல் பணத்தை ஒவ்வொரு நாளும் திருப்பித் தரும். வீட்டிலிருந்து அலுவலகம் வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் பயணம் என்றால், நல்ல ஆட்டோமேட்டிக் கியருடன் கூடிய சாதாரண எஞ்சினே அறிவார்ந்த தேர்வு. மிச்சமாகும் பணத்துக்கு, வார இறுதியில் நகரத்தை விட்டு வெளியேறும் பயணம் ஒன்றைத் திட்டமிடலாம்.