அசெம்பிள்டு கம்ப்யூட்டர் கம்பெனிகள்: வளர்ந்தது எப்படி? வீழ்ந்தது ஏன்?

உங்கள் வீட்டு பிசியின் கேபினட்டில் அதை விற்ற கம்பெனியின் ஸ்டிக்கர் இருக்கிறதா? அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா? பலர் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். காரணம் என்ன, அதனால் நமக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்போம்.

வளர்ச்சி

1976-ல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சிவ நாடார் நண்பர்களுடன் சேர்ந்து எச்சிஎல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஆனால் அதே ஐபிஎம் 1981-ல் வெளியிட்ட பிசிதான் சிறு கம்பெனிகளுக்கு வாசலைத் திறந்தது. கடையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே அது உருவாகியிருந்தது. எனவே மற்றவர்களும் அதே மாதிரி செய்ய முடிந்தது.

1984-ல் மத்திய அரசின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. சென்னையில் சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ், 'சிவா பிசி'யை மற்றவர்களை விடக் குறைந்த விலைக்கு விற்றது. பின்னர் ரிச்சி தெருவில் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து ஊர் ஊராக அசெம்பிள் செய்து விற்கும் கடைகள் முளைத்தன.

லாபம் யாருக்கு?

காஞ்சிபுரத்தில் பல நெசவாளர்கள் பட்டு நூலையும் ஜரிகையையும் வெளியிலிருந்து பெற்று நெய்து தருகிறார்கள். கிடைப்பது கூலிதான். பிசி அசெம்பிள் செய்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பிராசசர் விலையை இன்டெல் முடிவு செய்யும், விண்டோஸ் விலையை மைக்ரோசாஃப்ட் முடிவு செய்யும்.

ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. பட்டுச் சேலைக்குக் காஞ்சிபுரம் என்ற பெயர் இருக்கிறது, புவிசார் குறியீடும் இருக்கிறது. பிசியின் முகப்பிலோ 1991 முதல் 'இன்டெல் இன்சைடு' என்ற ஸ்டிக்கர்தான். பெயர் பாகத்துக்குப் போனதால், எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான் என்று வாடிக்கையாளர் நினைத்தார். விலைப் போட்டியில் லாபம் கரைந்தது.

வீழ்ச்சி

1. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் 1997-ல் இந்தியா சேர்ந்தது. 2005-ல் கம்ப்யூட்டர்கள் மீதான சுங்க வரி நீங்கியது. வெளிநாட்டுப் பிராண்டுகளின் விலை இறங்கியது.

2. பெரிய கம்பெனிகள் அருகிலேயே வந்தன. காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரில் 2007-ல் டெல் தொழிற்சாலை தொடங்கியது.

3. லேப்டாப் வந்தது. அதன் மதர்போர்டு மாடலுக்கு மாடல் மாறும். கடையில் பாகம் வாங்கிச் சேர்க்க முடியாது. 2013-ல் எச்சிஎல் நிறுவனமே பிசி தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

விற்றவர் கடையை மூடினாலும் உங்கள் பிசி அனாதை ஆகாது. ஏடிஎக்ஸ் போன்ற பொது அளவுகளில் செய்த பாகம் என்றால் எந்தக் கடையிலும் மாற்றலாம். எனவே:

* ஒவ்வொரு பாகத்தின் பெயர், சீரியல் எண் போட்டுத் தனித்தனியாக பில் கேளுங்கள். வாரண்டியைப் பாகம் தயாரித்த கம்பெனியிடம் கேட்க இது உதவும்.

* பிராசசரைப் பெட்டியோடு வாங்குங்கள். டிரேயில் வரும் பிராசசருக்கு இன்டெல்லின் நேரடி வாரண்டி கிடையாது.

* டிசைன் சாஃப்ட்வேரோ, கார்டு பஞ்சிங் மெஷினோ பழைய பிசியை நம்பி ஓடினால், ஹார்ட் டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்து வையுங்கள். டிரைவர் சிடியையும் பத்திரப்படுத்துங்கள். பிசி பழுதானால் பாகம் கிடைத்துவிடும். விற்றவர் போட்டுத் தந்த செட்டிங்குகள் திரும்பக் கிடைக்காது.