காடும் கம்பும்: தப்பிப் பிழைக்க நமக்கு யார் கற்றுத் தந்தார்கள்?

"மரம் நடுறதுக்கும் கம்பு சுத்துறதுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

எமது ஊரில் நடந்த மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு மூத்தம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. சூழலியலாளர் கலாநிதி ரணில் சேனாநாயக்கவின் வாழ்க்கையைப் பற்றித்தான் அன்று பேசப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் சீனடியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். நேரம் போதாமையால் மூத்தம்மாவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

மீனில் தொடங்கிய படிப்பு

கலாநிதி சேனாநாயக்க முதலில் ஆராய்ந்தது காடுகளை அல்ல, இலங்கையின் நன்னீர் மீன்களை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற கலாநிதிப் பட்டம் அந்த ஆய்வுக்கானது. 1985இல் இலங்கையின் பெயரையே தாங்கிய ஒரு சிறு கெண்டை இனத்தை விஞ்ஞான உலகுக்கு அவர் அறிமுகப்படுத்தினார்.

ஓடைக்கரையில் நிழல் போனால் தண்ணீர் சூடேறும். மண் கரைந்து வந்தால் மீன் முட்டையிட இடமிருக்காது. மீனைக் காக்க நினைப்பவர் கரையிலுள்ள மரத்தை நினைக்காமல் இருக்க முடியாது.

1980களின் தொடக்கத்தில் ஊவா மலைப்பகுதியில், பண்டாரவளைக்கு அருகே மிராஹவத்தையில், தன் நண்பர்களுடன் அவர் வேலையைத் தொடங்கினார். தேயிலைக்காகக் காடு அழிந்து, மண் அரித்துப்போன பிரதேசம் அது. அங்கே பைனஸ், யூக்கலிப்டஸ் போன்ற அந்நிய மரங்களை வரிசையாக நட்டு அதைக் காடு என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. அவர் கிராமத்து வீட்டுத் தோட்டங்களைப் பார்த்தார். உயரத்தில் பலாவும் கமுகும், நடுவில் மாவும் தோடையும், கீழே கறிவேப்பிலை, மிளகுக் கொடி, மண்ணோடு படர்ந்த வல்லாரை. இயற்கைக் காட்டின் அடுக்குகள் அந்தத் தோட்டத்திலும் இருந்தன. ஆனால் அதில் மனிதருக்கு உணவும் மருந்தும் வருமானமும் கிடைத்தன.

இந்த அடிப்படையில் உருவானதே 'அனலொக் ஃபொரஸ்ட்ரி' என்ற முறை. காட்டைப் பார்த்துக் காடு செய்தல் என்று இதைச் சொல்லலாம். இதற்கான சர்வதேச வலையமைப்பு 1996இல் உருவானது. 1998இல் ஜோன் ஜக்குடன் சேர்ந்து இம்முறையை விளக்கும் நூலையும் அவர் வெளியிட்டார். நம் நாட்டுக் கிராமத்துப் பெண்கள் குசினிக்குப் பின்னால் காலம் காலமாகச் செய்துவந்ததை உலகம் இன்று பாடமாகப் படிக்கின்றது.

அதே ஊவாவில் இன்னொரு இழப்பு

ஊவா மண் காட்டை மட்டும் இழக்கவில்லை. 1817-18 எழுச்சியை ஆங்கிலேயர் அடக்கிய பின்னர் சிங்கள மக்களின் தற்காப்புக் கலையான அங்கம்பொரவும் தடை செய்யப்பட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சில குடும்பங்கள் அதை இரகசியமாகக் காத்து வந்தனவாம்.

நம் கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் சீனடி இருக்கிறது. கம்பு வீச்சும் அடிமுறையும் கலந்த கலை. கல்யாண வீடுகளிலும் பெருநாள் தினங்களிலும் ஆடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் நானா எங்கள் வளவிலேயே ஓர் அண்ணாவியாரிடம் அதைப் பழகினார். நான் குசினி ஜன்னலுக்குள் நின்று பார்த்தேன். கால் வைக்கும் முறை எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. ஆனால் என்னை யாரும் கூப்பிடவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

2004 டிசம்பர் 26

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்தபோது நானா தென்னையில் ஏறிக்கொண்டார். என் மாமிக்கு மரம் ஏறத் தெரியாது, நீந்தவும் தெரியாது. இடுப்பில் பிள்ளையும் இருந்தது. பிள்ளையை யாரோ இழுத்தெடுத்தார்கள். மாமியை மறுநாள்தான் கண்டோம்.

பிற்காலத்தில் சமூகவியல் படிக்கும்போது ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிக்கையொன்றை வாசித்தேன். சுனாமி தாக்கிய பல இடங்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகம் இறந்தார்கள் என்றது அது. இலங்கையில் நீச்சலும் மரம் ஏறுதலும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுவதையும் அது ஒரு காரணமாகச் சொன்னது. அந்த வரியில் நான் என் மாமியைப் பார்த்தேன்.

நாம் என்ன செய்யலாம்?

நம் ஊர் கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நடுவில் நெருங்கிக் கிடக்கும் ஊர். 1978 சூறாவளியையும் கண்ட மட்டக்களப்பு மண் இது. இடமில்லை என்று சும்மா இருக்க முடியாது.

வளவில் ஒரு முருங்கை, ஒரு தேசி, மதிலில் ஒரு கொவ்வைக் கொடி, கிணற்றடியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் என்று அடுக்கடுக்காக நடலாம். கடைகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் இவை கறியாகும்.

வாவிக்கரைக் கண்ணா மரங்களை வெட்டவும் அங்கே குப்பை கொட்டவும் விடக்கூடாது. மீனும் இறாலும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்கிடையில்தான். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, தமிழ்நாட்டின் கடலூர்க் கரையோரத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்று காட்டியது. மரம் எல்லா அலையையும் மறித்துவிடாது. ஆகவே உயரமான இடத்துக்கு ஓடும் வழியை வீட்டிலுள்ள எல்லாரும், சிறு பிள்ளைகள் உட்பட, தெரிந்திருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் வேண்டும். மறைவான இடமும் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் இருந்தால் எந்த உம்மா மறுப்பார்? தற்காப்புப் பயிற்சியும் அப்படித்தான். கம்பு பழகுவது யாரையும் அடிப்பதற்காக அல்ல. தடுமாறாமல் நிற்கவும், பயத்தில் உறைந்து போகாமல் கால் எடுத்து வைக்கவும் உடம்பைப் பழக்குவதற்காகவே.

மூத்தம்மா, இதுதான் என் பதில். மரம் நம்மைச் சுற்றியுள்ள மண்ணைப் பிடித்து வைக்கிறது. பயிற்சி அந்த மண்ணில் நம்மை நிற்க வைக்கிறது. இரண்டும் அன்று என் மாமிக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மூத்தம்மா தன் பேத்தியையும் கூட்டி வந்தார். ஒரு பையில் முருங்கைத் தடிகள் நான்கு. "இதை நடு. இவளுக்கு நீச்சல் எப்ப தொடங்குற என்று சொல்லு" என்றார்.

இடம் தேடிக்கொண்டிருக்கிறோம். உதவக்கூடிய சகோதரிகள் முன்வர வேண்டும்.