வீட்டுக்கு ஒரு சூத்திரதாரி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்தார். எதிரே வைத்த காப்பி ஆறிப்போவதையும் கவனியாமல், சட்டைப் பையிலிருந்து நீண்டதொரு ஜாபிதாவை எடுத்து மேஜைமேல் விரித்தார். அதில் பதினான்கு சாமான்கள் கண்டிருந்தன. தாமே எரிந்து தாமே அணையும் விளக்குகள் ஆறு, ஆள் நடமாட்டத்தை உணரும் சென்ஸார்கள் மூன்று, மேல்தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் கருவி ஒன்று, வாசற்கதவுக்குப் பூட்டு ஒன்று, இன்னும் என்னென்னவோ. பாதிக்கு மேல் ஏற்கனவே வாங்கியாயிற்று. ஒவ்வொரு சாமானுக்கும் செல்பேசியில் ஒரு தனிச் செயலி. ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனிக் கடவுச்சொல்.

"இத்தனையையும் கட்டி மேய்க்க ஒரு ஹப் வேண்டுமாமே, ஐயா! எதை வாங்குவது?" என்று கேட்டார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஸ்விட்சைத் தட்டுவதற்குக் கூடக் கை நோகும் காலம் வந்துவிட்டதே என்று ஏதோ வேடிக்கையாகச் சொன்னோம். நண்பர் சிரிக்கவில்லை. பிறகுதான் சங்கதி வெளிவந்தது.

நண்பரின் தாயார் ஸ்ரீரங்கத்தில் பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. சென்னைக்கு வந்துவிடும்படி எத்தனை தடவை அழைத்தும் பயனில்லை. போன வருஷம் இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும்போது, ஸ்விட்சு இருக்குமிடம் தெரியாமல் சுவரைத் தடவித் தடவி, நடையில் தடுக்கி விழுந்தார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. அதற்கப்புறந்தான் நண்பர் இந்த விளக்குகளை வாங்கிப் போட்டார். கட்டிலிலிருந்து கால் தரையில் பட்டதும் நடையிலே வெளிச்சம் வரும். அம்மாள் முதலில் பயந்தார், பிறகு பழகிக்கொண்டார், அதற்கும் பிறகு ஸ்விட்சு என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்.

ஒருநாள் தெருவில் யாரோ குழி தோண்டியபோது இன்டர்நெட் கம்பி அறுந்துபோயிற்று. அன்றிரவு அம்மாள் எழுந்து நின்றார். விளக்கு வரவில்லை. வரும் வரும் என்று இருட்டிலேயே நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தரையில் உட்கார்ந்து விடியும் வரையில் காத்திருந்தாராம்.

"மின்சாரம் இருந்தது, விளக்கு இருந்தது, சென்ஸாரும் இருந்தது. பின் ஏன் எரியவில்லை?" என்று நண்பர் கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நாமும் சிரிப்பை விட்டுவிட்டு ஜாபிதாவைக் கையில் எடுத்தோம்.

ஏன் எரியவில்லை என்பதற்கு விடை எளிது. சென்ஸார் ஒரு கம்பெனியினுடையது, விளக்கு வேறொரு கம்பெனியினுடையது. சென்ஸார் கண்ட செய்தி பத்தடி தூரத்திலுள்ள விளக்குக்கு நேரே போகவில்லை. முதலில் ரூட்டருக்குப் போய், அங்கிருந்து எங்கோ ஓர் ஊரில் முதல் கம்பெனி வைத்திருக்கும் கணிப்பொறிக்குப் போய், அதிலிருந்து இரண்டாவது கம்பெனியின் கணிப்பொறிக்குப் போய், மறுபடி வீடு திரும்பி விளக்கை ஏற்ற வேண்டும். சாதாரண நாளில் இத்தனையும் கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடுகிறது. அதனால் நமக்கு இந்தப் பிரயாணம் தெரிவதில்லை. கம்பி அறுந்தால்தான் தெரிகிறது.

பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் நின்று கயிறுகளைப் பிடித்திருப்பவன் சூத்திரதாரி. வீட்டுச் சாமான்களுக்கு இந்த வேலையைச் செய்யும் பெட்டிதான் ஹப். ஆட்டம் நடப்பது நம் கூடத்தில். சூத்திரதாரி நிற்க வேண்டிய இடமும் நம் கூடந்தான். அவன் கடல் கடந்து நின்றுகொண்டு கயிற்றை இழுப்பான் என்றால், நடுவில் கயிறு எங்கே அறுந்தாலும் பொம்மை விழும்.

இது வெறும் கற்பனையன்று. 2025-ஆம் வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியாவிலுள்ள அமேஸான் கம்பெனியின் கணிப்பொறி நிலையங்களில் கோளாறு ஏற்பட்டது. அன்று அலெக்ஸா பலருக்கு வாய் திறக்கவில்லை. இன்டர்நெட்டை நம்பியிருந்த விலையுயர்ந்த படுக்கைகள் சில, சூட்டைக் குறைக்க வழியின்றி எஜமானர்களை வறுத்தெடுத்தன. இதாவது ஒரு நாளுக்குள் சரியாயிற்று. ரிவால்வ் என்ற பெட்டியின் கதை இன்னும் மோசம். சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கிய ஹப் அது. 2014-இல் கூகிளின் கீழிருந்த நெஸ்ட் கம்பெனி ரிவால்வை விலைக்கு வாங்கிற்று. 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் அதன் கணிப்பொறியை நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளில் யாதொரு பழுதும் இல்லை; ஆனால் அன்று முதல் அவை வெறும் பெட்டிகளே. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனி ஒரு வார்த்தை முன்னறிவிப்பின்றிக் கடையைக் கட்டிற்று. அந்தக் கருவிகளை உபயோகித்து வந்தவர்களிற் சிலர் ஒன்றுசேர்ந்து கம்பெனியையே வாங்கி மறுபடி நடத்தினார்கள். அது அவர்களுடைய அதிர்ஷ்டம். விங்க் என்ற கம்பெனியோ, மாதச் சந்தா இல்லை என்று சொல்லி விற்ற பெட்டிக்கு 2020-இல் மாதம் 4.99 டாலர் கேட்க ஆரம்பித்தது.

நம் வீட்டில் விளக்கேற்ற அயல்நாட்டுக் கம்பெனியின் உத்தரவு எதற்கு என்று கேட்டால், அதை வெறும் தேசாபிமானப் பேச்சென்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டுக் கணக்காகவே பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆகவே நாம் நண்பருக்குச் சொன்ன முதல் யோசனை இது: எந்த ஹப்பை வாங்குவதாயிருந்தாலும், கடையில் விலை கேட்பதற்கு முன், "இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டால் இது என்ன செய்யும்?" என்று கேளும். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் வேறு கடைக்குப் போம்.

அடுத்தது பாஷைப் பிரச்னை. இந்தச் சாமான்கள் எல்லாம் ஒரே பாஷையில் பேசுவதில்லை. 1975-இல் ஸ்காட்லாந்து தேசத்துக் கம்பெனியொன்று எக்ஸ்-10 என்ற முறையைக் கண்டுபிடித்து, வீட்டு மின்சாரக் கம்பிகளின் வழியாகவே செய்தி அனுப்பிற்று. இப்போது எல்லாம் ஆகாச மார்க்கந்தான். வைஃபை நாம் அறிந்தது, வேகமானது, ஆனால் மின்சாரத்தை நிறையத் தின்னும். சிறு பாட்டரியில் ஓடும் சென்ஸாருக்கு அது ஏற்றதன்று. ஸிக்பீ என்பது மெல்லிய குரலில் பேசும் பாஷை. பொத்தான் அளவு பாட்டரியைக் கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலும் ஒரு சென்ஸார் காலம் தள்ளும். குரல் மெல்லியதாயினும் வீடெங்கும் எட்டுவது எப்படி என்றால், கிணற்றடியிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பார்களே, அப்படி. நேரடி மின்சாரத்தில் ஓடும் ஒவ்வொரு விளக்கும் பிளக்கும் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். பாட்டரிச் சாமான்கள் மட்டும் குடம் தூக்கா.

இஸட்-வேவ் என்று இன்னொன்று உண்டு. அதன் குரல் சுவர்களை நன்றாக ஊடுருவும். ஆனால் தேசத்துக்குத் தேசம் அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 908.42 மெகாஹெர்ட்ஸ், நம் தேசத்தில் 865.2. அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனர் பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கும் சாமான்கள் இங்குள்ள ஹப்புடன் ஒரு நாளும் பேசா. அவற்றில் பல 120 வோல்ட்டுக்கு ஏற்பட்டவை என்பதையும், 230 வோல்ட் பிளக்கில் செருகுவதற்கு முன்னால் மைத்துனர் யோசிப்பது நலம்.

இந்தப் பாஷைச் சண்டையைத் தீர்க்கத்தான் அமேஸான், ஆப்பிள், கூகிள், ஸாம்ஸங் முதலிய பெரிய கம்பெனிகள் கூடி, 2022 அக்டோபரில் மேட்டர் என்றொரு பொது முறையை வெளியிட்டன. இதில் ஒரு நல்ல அம்சம், கருவிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசலாம் என்பது. புதிதாக வாங்குவோர் சாமான் பெட்டியில் மேட்டர் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். எனினும் மேட்டர் என்பது இலக்கணமேயன்றி ஆள் அன்று. கயிற்றைப் பிடிக்க ஒரு பெட்டி அப்போதும் வேண்டும். மேட்டர் முத்திரையுள்ள சாமான்களிலும் சில த்ரெட் என்ற அலையில் பேசுகின்றன. அவற்றை வீட்டு ரூட்டருடன் இணைக்க எல்லைக் காவலன் போல் ஒரு த்ரெட் பார்டர் ரூட்டர் இருக்க வேண்டும். சில ஹப்புகளுக்குள் அது உண்டு, சிலவற்றில் இல்லை.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். பேசும் பெட்டிகளான அலெக்ஸாவும் கூகிளும் வாங்கிய அரை மணியில் வேலை செய்யும். ஆனால் அவற்றின் மூளை பெரும்பாலும் வெளியூரில் இருக்கிறது. பாட்டுக் கேட்க நல்லவை. நடுநிசியில் தாயாருக்கு வழி காட்ட அவற்றை நம்பும்படி நாம் சொல்லமாட்டோம். ஆப்பிள் கம்பெனியின் பெட்டி ஏற்பாடுகளை வீட்டுக்குள்ளேயே நடத்துகிறது. ஆனால் ஐபோன் இல்லாத குடும்பத்துக்கு அதனால் உபயோகமில்லை. நண்பர் வீட்டில் ஐபோன் இல்லை.

மீதியிருப்பது ஹோம் அஸிஸ்டென்ட். 2013-இல் பாலஸ் ஷவுட்ஸன் என்ற இளைஞர் தம் வீட்டு விளக்குகளுக்காக எழுத ஆரம்பித்தது. இன்று உலகெங்குமுள்ள தொண்டர்கள் சேர்ந்து வளர்க்கும் இலவச மென்பொருள். 2024 முதல் லாப நோக்கமற்ற ஸ்தாபனமொன்றின் பராமரிப்பில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதன் மூலத்தைப் படிக்கலாம், மாற்றலாம். வீட்டுச் சங்கதிகள் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறியிலும் ஓடும். 2023 முதல் இதற்கென்றே க்ரீன் என்ற தயார்ப் பெட்டியும் வந்திருக்கிறது. குறையும் சொல்லிவிட வேண்டும். இது பொறுமைசாலிகளுக்கு உரிய சரக்கு. முதல் வாரம் முழுவதும் உட்கார்ந்து பழக வேண்டும். ராஸ்பெர்ரி பையில் நினைவு அட்டையைப் போட்டு ஓட்டினால், அடிக்கடி மின்சாரம் போய்வரும் ஊர்களில் அட்டை கெட்டுப்போவது சகஜம்.

நண்பருக்குக் கம்ப்யூட்டரோடு பழக்கம் உண்டு. அவருக்கு இதுவே ஏற்றதென்று தீர்மானித்தோம். பழக்கமில்லாதவர், வீட்டுக்குள்ளேயே யோசிக்கும் தயார் ஸிக்பீ ஹப் ஒன்றை வாங்கி, சாமான்களையும் அதற்கேற்றபடி ஒரே தினுசாக வாங்கிக்கொள்வது உத்தமம்.

இனி, எந்த விளம்பரத்திலும் காணாத விஷயம் ஒன்று. ஸ்ரீரங்கத்து அம்மாள் படுக்கப் போகுமுன் வீடு முழுவதும் சுற்றி எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். ஐம்பது வருஷத்துப் பழக்கம். குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் ஸ்மார்ட் விளக்குக்குச் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்தால் அது செத்த விளக்குத்தான். வரிசையில் நின்று குடம் கைமாற்றிய ஆளும் போய்விடுகிறான். ஆகவே நூதன விளக்குகளைக் கழற்றிவிட்டுச் சாதாரண எல்.இ.டி. விளக்குகளையே போட்டு, ஸ்விட்சுக்குப் பின்னால் சிறு ரிலே ஒன்றை வைக்கும்படி சொன்னோம். கையால் தட்டினாலும் எரியும், ஹப் சொன்னாலும் எரியும். ஹப்பே எரிந்து சாம்பலானாலும் ஸ்விட்சு ஸ்விட்சாகவே இருக்கும்.

இதற்கு ஸ்விட்ச்போர்டில் நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய வீடுகளில் விளக்கு ஸ்விட்சுக்கு அது வருவதில்லை. ஆயினும் நம்மூர்ப் போர்டுகளில் ஸ்விட்சுகளோடு ஒரு பிளக் பாயின்டும் சேர்ந்திருப்பது வழக்கமாதலால், அங்கிருந்தே எலெக்ட்ரீஷியன் நியூட்ரலை எடுத்துக் கொடுத்துவிடுவார். மின்சார வேலையைத் தாமே செய்து பார்க்கும் ஆசை வேண்டாம். ஜாபிதாவில் கீஸருக்கு 10 ஆம்பியர் ரிலே என்று கண்டிருந்தது. 3000 வாட் கீஸர் 13 ஆம்பியர் இழுக்கும். அந்த வரியை நாமே பேனாவால் அடித்தோம். வாசற்கதவுப் பூட்டையும் அடித்தோம். நண்பர் மெல்ல ஆட்சேபித்தார்; சாவியால் திறக்க முடியாத கதவுக்குள் எழுபத்தெட்டு வயது அம்மாளை வைத்துப் பூட்டுவது நமக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டோம்.

ஹப்பையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லயனில் போட வேண்டும். ஹப்பை இரும்பு பீரோவின் மேலோ உள்ளேயோ வைக்கக்கூடாது. ஸிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுவதால் இரண்டு பெட்டிகளையும் ஒட்டி வைக்காமல் சில அடி தள்ளி வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஜாபிதாவின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு நண்பர் புறப்பட்டார். பதினான்கில் ஆறுதான் மிஞ்சியிருந்தன.

சென்ற வாரம் டெலிபோன் செய்தார். ஸ்ரீரங்கத்தில் எல்லாம் பூர்த்தியாகி, முதல் நாள் இரவு பத்து மணிக்கு ரூட்டரின் கம்பியைத் தாமே பிடுங்கிவிட்டு, அம்மாளை எழுந்து நடக்கச் சொன்னாராம். நடை விளக்கு உடனே எரிந்ததாம்.

"ஏண்டா, எரியற விளக்கைப் பார்க்கறதுக்கா என்னைத் தூக்கத்திலேருந்து எழுப்பினே?" என்று அம்மாள் கோபித்துக்கொண்டாராம்.

தலையணைக்கடியில் ஒரு டார்ச்லைட்டை அவர் இன்னும் வைத்திருக்கிறார். ஊருக்குத் திரும்புமுன் நண்பர் அதற்குப் புதுக் கட்டை இரண்டு வாங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.